தண்ணீர் இனித்த நாட்கள்

என் கணவருக்குப் பால் என்றாலே குமட்டும். ஆனாலும் கிழமையில் இரண்டு தரமாவது முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கோப்பை குடிப்பார். துறைமுகப் பக்கத்து யார்ட்டில் பழைய படகுகளைக் காஸ் நெருப்பு வைத்து வெட்டுவது அவருடைய வேலை. துத்தநாகம் பூசிய இரும்பில் நெருப்புப் பட்டால் வெள்ளைப் புகை எழும்பும். அதைப் பால் முறித்துவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். முகமூடிகள் ஆணியில் தொங்கும். அந்த வெக்கையில் போட்டால் மூச்சு முட்டுமாம். புகையை விழுங்கினால் மட்டும் முட்டாதாக்கும்!

அப்படிப் புகையை விழுங்கிய நாட்களில் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்பார். "தண்ணி இனிக்குதப்பா" என்றால் எனக்கு விளங்கிவிடும். பொழுதுபடக் குளிரும் காய்ச்சலும் வரும். பாலைக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பார். விடியக் காய்ச்சல் விட்டிருக்கும், பாலுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

போன வருடம் பழைய இழுவைப் படகொன்றை வெட்டினார்கள். அதில் மஞ்சளாக மினுங்கிய போல்ட்டுகளை இவர்தான் அறுத்தார். அன்றைக்கும் குளிர் வந்தது, பால் குடித்தார். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம், எழும்புங்கோ."

"பேசாமல் இரப்பா. விடிஞ்சாச் சரியாகிடும்."

விடிந்தது. காய்ச்சல் விட்டது, மூச்சுத்தான் வரவில்லை. பின்னேரம் சுவரைப் பிடித்தபடி நின்று காற்றை இழுத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். போல்ட்டுகளில் பூசியிருந்தது கட்மியம் என்ற நச்சு உலோகமாக இருக்க வேண்டும் என்றார். முதலில் வழமையான காய்ச்சல் போலத்தான் தெரியுமாம், பிறகுதான் நெஞ்சுக்குள் நீர் கட்டுமாம். என் மனுசன் திரும்பி வீட்டுக்கு வரவில்லை.

அவர் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். யார்ட்டு ஆட்கள் வேலை முடிந்து நேரே வந்தார்கள். அவரோடு சேர்ந்து வெட்டுகிறவர் படையலில் ஒரு கோப்பை பால் வைத்தார்.

"அவருக்குப் பால் பிடிக்காது" என்றேன். "உங்கட புகைக்காகத்தான் குடிச்சவர்."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு கோப்பையைத் திருப்பி எடுத்தார். அவருடைய கை நடுங்கியதை அப்போதுதான் கண்டேன். அந்த வெக்கையிலும் சேர்ட்டின் கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருந்தார்.

"இண்டைக்கு என்ன வெட்டினனீங்கள்?"

"அந்தப் படகின்ர மிச்சத்தைத்தான், அக்கா."

"அந்த மஞ்சள் போல்ட்டுகளையுமோ?"

"ஓம். லேசான குளிர்தான். விடிஞ்சாச் சரியாகிடும்."

சொல்லிவிட்டுப் பாலை வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கோப்பையைத் தட்டிவிட்டேன். பால் படையல் முழுக்கச் சிந்தியது. அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன், வந்த ஓட்டோவை மறித்து ஏற்றினேன்.

"படையலை விட்டிட்டு எங்க அக்கா போறீங்கள்?" என்றார் அவர்.

"ஆஸ்பத்திரிக்கு. படைச்சதை என்ர மனுசன் சாப்பிட்டுக்கொள்ளுவார். நீங்கள் மூச்சை விடுங்கோ" என்றேன்.