விராலுக்கு இடுப்பளவு எடுத்த காலை

உயிரோடு துள்ளுகிற ஒரு விரால் மீனின் இடுப்பைச் சுற்றி டெய்லர் டேப் பிடித்திருக்கிறீர்களா?

நான் போன மாதம் பிடித்தேன். அதுவும் யார் முன்னால்? எந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேனோ, அந்தப் பெண்ணின் அப்பா முன்னால்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தூண்டில் பைத்தியம் தெரியும். அமலாவைத் தெரியாது. சொல்கிற நிலைமையில் விஷயம் இல்லை, அதனால் சொல்லவில்லை. அமலா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு சிட்லபாக்கம். நான் ராஜகீழ்ப்பாக்கம். பைக்கில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டன்ட். அந்தத் தூரத்தைப் பைக்கில் கடக்க முடியாது.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது. “ரெண்டும் கிறிஸ்டியன்தானே பாஸ்?” என்று ஆபீஸில் கேட்பார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது? அமலா வீட்டில் கோயில், பூசை. எங்கள் வீட்டில் சர்ச், ஆராதனை. அவள் அப்பா சூசைராஜ் அங்கிளிடம் விஷயம் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்விதானாம் — “மாதாவைக் கும்பிடாத வீட்ல என் பொண்ணு எப்படிம்மா இருப்பா?” அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அவர் வாயில் என் பெயர் வரவே இல்லை. ‘அந்தப் பையன்’. அவ்வளவுதான் நான்.

எனக்கு வழி காட்டியது அமலாதான். “அப்பாவை வீட்டுல வச்சுப் பேசினா வேலைக்காகாது. ஏரிக்கரைல வச்சுப் பேசு. ரிட்டயர் ஆனதுல இருந்து சனிக்கிழமைன்னா தூண்டிலும் கையுமாத்தான் இருக்கார். அங்க மட்டும்தான் அவர் மூட் நல்லா இருக்கும். வாயை மட்டும் அடக்கிட்டு இரு.”

வாயை அடக்குவதா? நானா?

அவளே அப்பாவிடம் அடம்பிடித்துச் சம்மதம் வாங்க, ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினோம். குன்றத்தூர்ப் பக்கம் ஓர் ஏரி. பெயரைக் கேட்காதீர்கள்... தூண்டில்காரன் தன் ஏரியின் பெயரைச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. முந்தின வாரம் பெய்த மழையில் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. ஒரு மூலையில் ஆகாயத்தாமரை, நடுநடுவே கோரைப்புல். விராலுக்கென்றே கட்டிக்கொடுத்த வீடு மாதிரியான இடம்.

கல்யாணப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிள் தூண்டிலில் மாட்டியிருந்த ரப்பர் தவளை கோரைப்புல் ஓரமாகத் தத்தித் தத்தி வந்தது. டபக்! தண்ணீர் வெடித்தது. தூண்டில் வில்லாக வளைந்தது.

“அங்கிள், விடாதீங்க! கொஞ்சம் லூஸ் குடுங்க... இப்போ இழுங்க!”

“எனக்குத் தெரியும்பா, நீ சும்மா இரு!”

கரைக்கு வந்த விராலைப் பார்த்து மூன்று பேருமே வாயைப் பிளந்தோம். கை நீளம். கறுப்பு முதுகு, பாம்புத் தலை. அங்கிள் உடனே போனை எடுத்துத் தன் மச்சானுக்கு — அதாவது அமலாவின் மாமாவுக்கு — அடித்தார். “டேய், நாலு கிலோ! விரால்டா! அக்காவைக் குழம்புக்குக் கூட்டச் சொல்றேன், குடும்பத்தோட வந்து சேரு!”

போனை வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மீன் எங்கிருந்து பாய்ந்ததோ, அந்த இடத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், செக்கச்செவேலென்று, ஒரு தாம்பாளத்தின் அகலத்துக்கு. விரால் சும்மா முட்டையிட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை. குஞ்சுகளைக் கூடவே இருந்து காவல் காக்கும். இப்போது காவல்காரர் எங்கள் கையில். சுற்றிலும் ஜிலேபி மீன்கள் மெதுவாக நெருங்கிக்கொண்டிருந்தன... டிபன் ரெடி!

“விட்டுடலாம்,” என்றார் அங்கிள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அடுத்த நொடியில் யோசித்தார். “ஆனா நாலு கிலோன்னு சொல்லிட்டேனே! வெறுங்கையோட போனா என் மச்சான் ஆயுசுக்கும் ஓட்டுவான். தராசுகூட இல்ல.”

இங்கேதான், அன்பு வாசகர்களே, இங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

“தராசே வேணாம் அங்கிள்! டேப் போதும். அளந்து கணக்குப் போட்டா எடை வந்துடும். உங்ககிட்ட ப்ரூஃப் இருக்கும்!”

பையில் எப்போதும் அம்மாவின் டெய்லர் டேப்பை வைத்திருப்பேன். குளிர் நாடுகளின் ஆறுகளில் டிரவுட் பிடிக்கிறவர்கள் மீனைக் கொல்லாமல் எடை சொல்ல ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மீனின் நீளத்தை அங்குலத்தில் எடுங்கள். உடம்பின் மிகப் பருமனான இடத்தில் சுற்றளவை எடுங்கள். நீளத்தை அந்தச் சுற்றளவால் ஒரு முறை பெருக்கி, இன்னொரு முறையும் பெருக்கி, எண்ணூறால் வகுத்தால் எடை பவுண்டில் வந்துவிடும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, கிலோ.

அமலா ஈரத்துண்டில் மீனைக் கிடத்திப் பிடித்தாள். நான் டேப்பைச் சுற்றினேன். மீன் வாலால் என் மூக்குக்கண்ணாடியில் ஓர் அறை விட்டது.

“சீக்கிரம்! ஜிலேபி கிட்ட வந்துடுச்சு!” — அமலா.

நீளம் இருபத்தாறு. சுற்றளவு பன்னிரண்டு. அங்கிள் மீனை இரண்டு கையாலும் வாங்கித் தண்ணீரில் வைத்துப் பிடியைத் தளர்த்தினார். வாலை ஒரு சுழற்று... அவ்வளவுதான். ஜிலேபிகள் தெறித்து ஓடின. சிதறிக் கிடந்த சிவப்பு மறுபடி ஒன்றாகக் கூடியது. என் வாழ்க்கையில் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று.

“சரி, கணக்கைச் சொல்லு,” என்றார் அங்கிள்.

போனில் தட்டினேன். திரும்பத் தட்டினேன்.

“எவ்ளோ?”

“ரெண்டு கிலோ அங்கிள். கொஞ்சம் மேல.”

“என்னது?”

“ரெண்டு புள்ளி ஒண்ணு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். “நீ போடும்மா.” கணக்கு டீச்சராயிற்றே! மனக்கணக்காகவே போட்டாள். அவள் முகம் போன போக்கிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. “ரெண்டு புள்ளி ஒண்ணுதான்ப்பா.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத ரெண்டு பேரைக் கடவுள் ஏன் ஜோடி சேர்க்கிறார் என்று கேட்கிற பார்வை.

“உன் ஃபார்முலா வெள்ளைக்காரன் மீனுக்குப்பா,” என்றார் அங்கிள். குரல் ஏறியிருந்தது. “ஐஸ் தண்ணில வளர்ற மீனும் நம்ம ஏரி விராலும் ஒண்ணா?”

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் “ஆமாம் அங்கிள், நீங்க சொல்றதுதான் சரி” என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் இந்தச் சந்தேகம் எனக்கே முன்பு வந்து, நானே சோதித்தும் பார்த்துவிட்டேனே! தாம்பரம் மார்க்கெட்டில் விராலைத் தொட்டியில் உயிரோடு விற்பார்கள். எடை போடுவதற்கு முன்னால் டேப்பால் அளந்துகொள்கிறேன் என்று மீன்கார அக்காவிடம் கெஞ்சினேன். “இன்னா சார், மீனுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா? பேஜார் பண்ணாத, வாங்கிக்கினு போ,” என்று சிரித்தார். ஆனாலும் அளக்க விட்டார். கணக்கு சொன்ன எடையும் தராசு சொன்ன எடையும் ஏறக்குறைய ஒட்டியே வந்தன. விராலும் டிரவுட் மாதிரி உருளைதானே!

இதை முழுசாக அங்கிளிடம் சொன்னேன். ஜாக்கெட் உட்பட.

அவர் விடவில்லை. “அது பண்ணை விரால். இந்த ஏரியைப் பாரு. ஜிலேபி குவிஞ்சு கிடக்கு, தவளை கிடக்கு. உக்காந்த இடத்துல சாப்பாடு. இங்க வளர்றது குண்டாத்தான் இருக்கும். அவ்ளோ நீளத்துக்கு ரெண்டு கிலோன்னா நம்புற மாதிரியா இருக்கு?”

இதுவும் நியாயம்! மீனின் எடையை டேப் மட்டுமா சொல்லும்? தண்ணீரும் சொல்லும். இரை மலிந்த ஏரியில் ஒரே நீளத்து மீன் தடியாக இருக்கும். வறண்ட குட்டையில் தலை மட்டும் பெரிசாக, உடம்பு கயிறு மாதிரி இருக்கும். அப்படியானால் இவ்வளவு செழிப்பான ஏரியில் இந்த மீன் மட்டும் ஏன் ஒல்லி? எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கல்யாணமாவது ஒன்றாவது!

“அங்கிள்! குஞ்சு! அது குஞ்சோட இருந்துச்சுல்ல? காவல் காக்கிற வரைக்கும் அது சரியா சாப்பிடாது. கண்ணு முன்னாடியே ஜிலேபி போனாலும் துரத்தத்தான் செய்யும், துரத்திட்டுத் திரும்பிடும். அதான் வயிறு ஒட்டியிருக்கு. நீங்க சொல்றதும் சரி, டேப் சொல்றதும் சரி. உடம்புல இருந்ததைக் குஞ்சுகளுக்காகக் கரைச்சிருக்கு.”

அங்கிள் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். “அப்போ மிச்ச ரெண்டு கிலோ பிள்ளைங்களுக்குப் போச்சுன்னு சொல்ற.”

வாசகர்களே, நானே விரிக்காமல் கிடைத்த பஞ்சு மெத்தை அது. அதில் பேசாமல் படுத்திருக்கலாம். விதி யாரை விட்டது?

“இல்ல அங்கிள், ரெண்டு கிலோ எல்லாம் போகாது. மிஞ்சிப்போனா முக்காக் கிலோ. மிச்சம் நீங்க சேர்த்தது.”

அமலா முகத்தை ஈரத்துண்டால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? துண்டு குலுங்கியது.

அந்த நேரம் பார்த்து அங்கிளின் போன் அடித்தது. மச்சான்! ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் கரை முழுக்கக் கேட்டது.

“மாமா, கிளம்பிட்டோம்! நாலு கிலோவைப் பார்க்காம விடமாட்டேன்!”

அங்கிள் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“டேய், நாலு இல்லடா. ரெண்டு. குஞ்சோட இருந்துச்சு, விட்டுட்டேன்... ஆமா, நான்தான் நாலுன்னு சொன்னேன்... சிரிக்காதடா. இங்க ஒருத்தன் டேப்பை வச்சு அளந்து என் மானத்தை வாங்கிட்டான்... யாரா?” கொஞ்சம் நிறுத்தினார். “அமலாவைக் கட்டிக்கப் போற பையன்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. அமலா துண்டை இறக்கினாள். இந்த முறை நிஜமாகவே அழுகை.

போனை வைத்தவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, பொண்ணு கேட்டு வந்தவன் எவனாவது பொண்ணோட அப்பன்கிட்ட உன் மீன் ரெண்டு கிலோதான்னு சொல்வானா?”

“தெரியாம சொல்லிட்டேன் அங்கிள்.”

“அதான்பா. யோசிச்சு நல்லவனா இருக்கிறவனை நான் ஆபீஸ்ல நிறையப் பார்த்துட்டேன். உன்கிட்ட என் பொண்ணு எதையும் தோண்டித் தோண்டிக் கேக்க வேண்டியிருக்காது. நீயே உளறிடுவ.” உடனே விரலை நீட்டினார். “ஆனா கல்யாணம் எங்க கோயில்லதான். அதுல பேச்சே கிடையாது.”

அந்தப் பேச்சு அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் நிறையவே நடந்தது, அது வேறு கதை. முடிவு இதுதான். தாலி அவர்கள் கோயிலில், அன்று மாலை எங்கள் சர்ச் போதகரின் ஜெபத்தோடு வரவேற்பு. வரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் பெயர்களை முதல் ஓலையாக வாசிக்கிறார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஊரறியக் கேட்கிற சடங்கு.

யாருக்கெல்லாம் நன்றி சொல்வது? எங்கோ ஒரு குளிர்ந்த ஆற்றங்கரையில் டிரவுட்டைக் கொல்ல மனசில்லாமல் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு. டேப்போடு வந்தவனை விரட்டாத மார்க்கெட் அக்காவுக்கு. மானம் போனாலும் பரவாயில்லை என்று மீனைத் தண்ணீரில் விட்ட கைகளுக்கு. வயிறு ஒட்ட ஒட்டக் காவல் இருந்த அந்த விராலுக்கு. குஞ்சுகள் இந்நேரம் சிவப்பு மாறிக் கறுத்து, தனியாக நீந்தப் பழகியிருக்கும். பெரிய விராலும் வயிறார ஜிலேபி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு விஷயம் மட்டும். போன வாரம் பத்திரிகை வைக்கப் போன வீட்டில் அங்கிள் அந்த மீனை ரெண்டரைக் கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று மூன்று. கல்யாணத்துக்குள் எப்படியும் பழைய நாலைத் தொட்டுவிடும்... நான் டேப்பை எடுப்பதாக இல்லை.