மேல்வீட்டுக்காரர் ஓடுகிறார்

விடிவதற்கு முன்பே அப்பா மகளின் அறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, வாசலில் நின்றுவிடுகிறார். கூப்பிடுவதில்லை, தட்டுவதில்லை. வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே நீட்டி, வட்டமாகச் சுற்றுகிறார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இதற்கு ‘சுமையைத் தூக்கு’ என்று பொருள். சுமை போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறது.

“ஏன்ப்பா, எழுந்திரின்னு வாயால ஒரு தடவை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

போர்வைக்கு வெளியே விரல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது பார்க்காமலேயே அவளுக்குத் தெரியும். எரிச்சலே அதுதான்.

அவர் கிரேன் ஓட்டுபவர். பத்துப் பதினைந்து மாடிக்கு மேலே எழும்பி நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு; அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், அவர். கீழே வேலை செய்பவர்கள் அவரை ‘மேல்வீட்டுக்காரர்’ என்கிறார்கள். காலையில் ஏணியேறினால் வெயில் சாய்ந்த பிறகுதான் இறக்கம். சாப்பாடு மட்டும் ஒரு பையில் கயிற்றோடு மேலே போகும். தண்ணீரை நாக்கு நனையும் அளவுக்குத்தான் குடிப்பார். குடித்தால் இறங்க வேண்டிவரும், இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். கீழே இருப்பவர்களோடு பேச வாக்கிடாக்கி உண்டு. அதை அவர் நம்புவதில்லை. இரைச்சலில் ஒன்று கிடக்க ஒன்று கேட்கும் என்பது அவர் கட்சி. கீழே நிற்கும் ஒருவரின் கைச் சைகைதான் அவருக்கு வேதம். “வாய் உளறும். கை உளறாது” என்பார்.

மகளின் பிழைப்பு இதற்கு நேர் எதிர். பார்சல் கம்பெனி ஒன்றில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, போய்ச் சேராத பொட்டலங்களுக்காக ஊராரிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிறாள். பேசியே தொண்டை கட்டியவளுக்கு வீட்டில் இப்படி ஒரு கல்லுளிமங்கன் அப்பா.

ஓட்டம் தொடங்கியது ஏணியில். ஒரு நாள் பாதி ஏணியில் மூச்சு வாங்கி, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மேலாளருக்குத் தெரிந்தால் கூண்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மகளிடம் மட்டும் சொன்னார். “நாளையிலேருந்து ஓடுங்க” என்றாள். “நீ வந்தா வர்றேன்” என்றார். அவளோ அப்போது நாற்காலியும் தானும் ஒன்றாகிவிட்ட நிலையில் இருந்தாள். யோசிக்காமல் சரியென்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு மாட்டியவர்கள்தான் இருவரும். அவள் விட்டால் இவரும் விட்டுவிடுவார் என்ற பயம் அவளுக்கு; அதே பயம் இவருக்கும். “ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நல்லா இளைச்சுட்டீங்க” என்கிறாள் அம்மா. அவள் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

கிரேன்காரரோடு ஓடுவது லேசான காரியமில்லை. வேலைக்குப் போடும் மினுமினுக்கும் மஞ்சள் மேலங்கியைத்தான் ஓடும்போதும் போடுவார். வழியில் நிற்பவர்கள் அவரை ஏதோ சாலைப் பணியாளர் என்று நினைத்து வழி கேட்பார்கள். அவரும் நின்று, சாவகாசமாகக் கை காட்டி வழி சொல்வார். தரையைப் பார்த்து ஓட மாட்டார். தூரத்தில் எங்காவது கிரேன் தெரிந்தால் போதும், பார்வை அங்கே போய்விடும். “அங்க பாரு, கொக்கியை எவ்வளவு தாழத் தொங்க விட்டுட்டுப் போயிருக்கான். பொறுப்பே இல்லாத பய.” இதைச் சொல்லும்போதுதான் பள்ளத்தில் கால் வைப்பார்.

“மெதுவாப் போங்க” என்று எத்தனை தடவை கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு நாள் ஆற்றாமையில் அவள் கையைத் தாழ்த்தி உள்ளங்கையால் காற்றை அமுக்கிக் காட்டினாள். உடனே வேகம் குறைந்தது. அன்றிலிருந்து அவள் முன்னால், அவர் பின்னால். இடது பக்கம் ஒதுங்கு, வேகத்தைக் கூட்டு, பள்ளம் வருகிறது என்று எல்லாமே கையால். மாடு மேய்ப்பது போல இருக்கிறது என்று தோழிகளிடம் புலம்புகிறாள். இந்தக் கையின் தயவில்தான் அவர் இன்றைக்கு ஏணியை ஒரே மூச்சில் ஏறுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறாள்.

அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். “நிறுத்துன்னு யார் கை காட்டினாலும் நிறுத்தணும். எடுன்னு நமக்குன்னு இருக்கிற ஆள் காட்டினாத்தான் எடுக்கணும்.”

போன வருடம் இருவரும் மாரத்தானில் பெற்றோர்–பிள்ளை ஜோடியாகப் பேர் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் போனதும் மகளின் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டது. பின்தங்கியவர்களை அள்ளிப்போட வரும் வேனில் அவள் ஏறினாள். அவரும் பின்னாலேயே ஏறி உட்கார்ந்தார். அது போகட்டும். அன்று முதல், பார்க்கிறவர்களிடமெல்லாம், “என் முட்டி மக்கர் பண்ணிடுச்சு. பாவம், என்னால இவளும் ஏற வேண்டியதாப் போச்சு” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். முடிதிருத்தும் கடையில் சொல்கிறார், பல் டாக்டரிடம் சொல்கிறார், போனில் தவறான எண் என்று வைக்கப் போனவரிடம்கூடச் சொன்னார்.

“நான்தானேப்பா முதல்ல ஏறினேன்?”

“யார் ஏறினா என்ன? கேக்கறவங்களுக்கு ஒரு முட்டி போதும்.”

செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி அந்த முட்டி அவளை உறுத்தியது. இந்த வருடம் தன் காலால் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் அந்தக் கதை ஓயும். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தாள்.

இந்த வருட ஓட்டம் நன்றாகத்தான் போனது. கடைசிக் கால் பங்கு மட்டும் பாக்கி. சாலையோர மேசையிலிருந்து யாரோ ஒரு சிவப்புச் சர்பத்தை நீட்டினார்கள். முந்தைய மேசையில்தான் அவள் வயிறு முட்டக் குடித்திருந்தாள். வேண்டாம் என்று அவள் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு ஓடினாள்.

வெகுதூரம் போன பிறகுதான் பின்னால் அந்தக் காலடி ஓசை இல்லை என்பது உறைத்தது.

திரும்பி ஓடினாள். எதிரே வந்தவர்கள் முறைத்தார்கள். சாலையின் நட்டநடுவில், நட்டுவைத்த கம்பம் போல, மஞ்சள் மேலங்கியில் மேல்வீட்டுக்காரர். ஓடி வந்தவர்கள் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் அவரைப் பார்த்து, இப்படித்தான் ஒதுங்க வேண்டும்போல என்று தலையாட்டிவிட்டும் போனார்கள்.

“என்னப்பா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?”

“இல்லையே.”

“பின்ன ஏன் நிக்கிறீங்க?”

“நீதானே நிறுத்தச் சொன்ன?”

“நானா?”

அவர் கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டிக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியவள், அதற்கும் ஏதாவது அர்த்தம் இருந்து தொலைக்குமோ என்று பாதியிலேயே இறக்கினாள்.

“அது ஜூஸ் வேணாம்னு சொன்னதுப்பா! ஜூஸ்!”

“எனக்கு எப்படித் தெரியும்? நிறுத்துன்னா நிறுத்தணும்.”

“நான் கண்ணுக்கு மறைஞ்சு போற வரைக்குமா? கூப்பிட வாய் இல்லையா உங்களுக்கு?”

“சுமை தொங்கும்போது கத்தக் கூடாது” என்றார், அவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடு.

அவள் இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி, நெஞ்சோடு இறுக்கி வைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே ஓடினாள். வியர்வை கண்ணில் இறங்கியபோதுகூடத் துடைக்கவில்லை. ஆனால் நின்ற நேரத்தில் அவர் கால்கள் மரக்கட்டையாகிவிட்டிருந்தன. போய் வந்த அலைச்சலில் அவளுடைய கெண்டைக்காலும் முறுக்கத் தொடங்கியது. ஓட்டம் நடையானது. நடை நொண்டலானது. சற்று நேரத்தில் பின்னாலிருந்து வேன் உறுமிக்கொண்டு வந்து, அருகில் நின்றது. பக்கக் கதவு திறந்தது.

“நேரம் முடிஞ்சுது சார். ரோட்டைத் திறந்து விடப் போறோம், ஏறிக்கங்க” என்றாள் உள்ளேயிருந்த பெண். “நடந்துதான் வருவேன்னா உங்க இஷ்டம். நம்பரைக் குடுத்துட்டு நடைபாதையில போங்க. ஆனா பேரும் வராது, மெடலும் கிடையாது.”

மகள் வேனுக்குள் பார்த்தாள். மெத்தென்ற இருக்கை. காலை நீட்டிக்கொள்ள இடம்.

“ஏறிடலாம்ப்பா. இந்தத் தடவை நிஜமாவே உங்களாலதான். ஊரெல்லாம் போய்ச் சொல்லுங்க, பொய்யாவும் இருக்காது. நான் ஒரு தடவையாவது முடிக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்.”

அவர் வேனைப் பார்த்தார். சாலை போய் வளையும் இடத்தைப் பார்த்தார். எல்லைக்கோடு இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. பிறகு தன் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மகள் பக்கம் திரும்பி, இறுகிக் கிடந்த அவளுடைய கைகளை மெல்ல விலக்கிவிட்டு, அவள் அட்டையின் ஊக்குகளையும் சட்டை கிழியாமல் கழற்றினார். இரண்டு அட்டைகளையும் சேர்த்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், வேனின் கதவை வெளியிலிருந்து அவரே இழுத்து, பூட்டு விழும்வரை அழுத்தி மூடினார்.