கெளுத்தி முள் குத்திய மாதம்

தன்னாமுனையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, மட்டக்களப்பில் ஓர் எச்.ஐ.வி. சிகிச்சை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இரத்தம் எடுக்கிறாள் சுகுணவதி. ஆளைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பனிச்சங்கேணி மீனவன் ஜெயந்தனுக்கு, ஆறு வருடமாகப் பரிசோதனையில் பிடிபடாத அளவுக்கு அடங்கிக் கிடந்த வைரஸ் அந்த முறை சற்றே கூடியிருந்தது. புதிதாக வந்த டொக்டர், ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று கோப்பில் எழுதிவிட்டார். ஜெயந்தன் தலையைக் குனிந்தபடி நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"தம்பி, கால்ல என்ன?" என்று கோப்பை வாங்கிப் பார்த்த சுகுணவதி கேட்டாள்.

"கெளுத்தி முள்ளு குத்திட்டுது மிஸ். வீங்கி, ஒரு கிழமையாக் காச்சல்."

"மருந்துக் குளுசை?"

"ஒரு நாளும் விடல்ல மிஸ்."

அவனை அப்படியே திருப்பி உள்ளே கூட்டிப் போனாள்.

"டொக்டர், இந்தக் காலைப் பாருங்க. புண்ணோட சண்டை பிடிக்க உடம்பு சில புரதங்களை அனுப்பி இரத்த அணுக்களைத் தட்டி எழுப்பும். அதுக்குள்ள ஒளிச்சிருக்கிற வைரசும் கூடவே கொஞ்சம் முழிக்கும். புண் ஆறட்டும், ஒரு மாசத்தில திரும்பப் பார்ப்பம்."

டொக்டர் அரைமனதாகச் சம்மதித்தார்.

மறுமாதம் ஜெயந்தன் வந்து டொக்டர் முன்னால் உட்கார்ந்தபோது, பரிசோதனை முடிவில் வைரஸ் பழையபடி அடங்கியிருந்தது. "நல்லது" என்று டொக்டர் சிரித்தார். சுகுணவதி கோப்பின் பழைய பக்கத்தைத் திறந்து, ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்ற வரியைக் காட்டிப் பேனாவை நீட்டினாள்.

"நல்லதுதான் டொக்டர். முதல்ல இதை வெட்டுங்க. அவர் இங்க இருக்கக்குள்ளயே வெட்டுங்க."