முருகன்குறிச்சியில் நின்ற பஸ்

எனக்கு வாழ்க்கையில் தொடர்ச்சியாக வெற்றி கிடைத்தது ஒரே ஒரு கோடை விடுமுறையில்தான். அதுவும் பெரியப்பாவின் காலில்.

பெரியப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனமாகிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மா குறைத்தாள், பெரியப்பா ஊறுகாய் ஜாடியை வைத்துச் சரிக்கட்டினார்.

சாயங்காலமானால் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டி என்னைக் கூப்பிடுவார். ஆட்டம் இதுதான். கணுக்காலுக்கு மேலே நான் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பேன். பணியாரச் சட்டி மாதிரி குழி விழும். உடனே அவர் பழைய கண்டக்டர் குரலில் ஆரம்பிப்பார்: ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்ட், சமாதானபுரம். பஸ் சமாதானபுரம் சேருமுன் குழி மறைந்தால் நான் அவருக்கு முதுகு சொறிய வேண்டும். மறையாவிட்டால் எனக்கு ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி.

முதலில் முதுகு சொறிந்தே நகம் தேய்ந்தது. வண்ணாரப்பேட்டையிலேயே குழி மூடிவிடும். பிறகு என் விரலுக்கு வலு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். குழி பாளை வரை நின்றது, அப்புறம் சமாதானபுரம் தாண்டியும் நின்றது.

தோற்கிறவர் சும்மா இருப்பாரா? பஸ்ஸை வழியில் நிறுத்த ஆரம்பித்தார். முருகன்குறிச்சி வந்ததும் வாயைத் திறந்தபடி பேசாமல் இருப்பார்.

"என்ன பெரியப்பா, கள்ளாட்டம் ஆடுதிய?"

"பொறுலே... ஆள் ஏறுதாங்க."

"ஒரு ஸ்டாப்புல இம்புட்டு ஆளா?"

"பள்ளிக்கூடம்... விட்ட நேரம்லா."

அப்படி நிறுத்தியும் குழி அசையவில்லை. கருப்பட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தெருவெல்லாம் பெருமையடித்தேன். பார்க்க வந்தவர்களும், "அண்ணாச்சி நல்லாத் தேறிட்டிய, சதை போட்டிருக்கு" என்றார்கள். பெரியம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

பள்ளிக்கூடம் திறக்குமுன் பெரியப்பா போய்விட்டார். நுரையீரல் வரை நீர் ஏறிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நானோ, டப்பாவில் மிச்சமிருக்கும் கருப்பட்டி யாருக்கு என்ற யோசனையில் இருந்தேன்.

இப்போது அப்பாவுக்கும் அதே கோளாறு. போன வாரம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அப்பாவின் காலை அழுத்திக் காட்டினார்.

"தெனமும் காலையில எடை பாருங்க. இப்பிடி வீக்கமும் பாருங்க. கூடுச்சுன்னா ஒடனே போன் பண்ணணும். ஐயாவுக்குக் குனிஞ்சா மூச்சு வாங்கும். நீங்கதான் அமுக்கிப் பாத்துச் சொல்லணும்."

"நமக்குப் பழகின வேலைதாம்மா" என்று சிரித்தேன். சிரிப்பு முருகன்குறிச்சி வரைக்கும்தான் போனது.

பெரியப்பா ஒரு நாளாவது குனிந்து தன் காலைப் பார்த்ததில்லை. சாய்ந்தபடியே, "குழி இன்னும் இருக்கா லே?" என்று பைய என்னிடம்தான் கேட்பார். தோற்கிறவருக்குப் பார்க்க வெட்கம் என்று நினைத்து, தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன்:

"இருக்கு பெரியப்பா, இருக்கு."