மூஞ்சி அதேதான், காது வேற

சாயங்கால சீரியலில் வருகிற மருமகள் ஒரு திங்கட்கிழமை வேறு பெண்ணாகி வந்தாள். எங்கள் வீட்டில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். பயம் என்னைப் பிடித்ததும் அன்றைக்குத்தான்.

அப்போது மகன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். குவார்ட்டர்ஸில் அவன், மருமகள், பள்ளிக்கூடம் போகிற பேத்தி, நான்.

"இன்னாமே இது, பொண்ண மாத்திட்டாங்க?" என்றேன் மருமகளிடம்.

அவள் மாவு ஒட்டிய கையோடு சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதே பொண்ணுதான் அத்த."

"மூஞ்சி அதேதான். காது வேற. பழசுக்குக் காது தொங்கும். இதுக்குக் கன்னத்தோட ஒட்டிகினு கீது."

"காதையா பாத்துகினு இருந்தீங்க?"

"மூஞ்சியில பாக்க இன்னா கீது? எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதானே."

அவள் என் மகனைக் கூப்பிட்டாள். அவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். "அதே குரலு, அதே அழுக. உனக்கு இன்னாம்மா ஆச்சி?" என்று சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. அவள் பார்த்த பார்வையில் அவனும் சிரிப்பை நிறுத்தினான்.

அவர்கள் நினைத்தது எனக்கும் தெரியும். செங்கல்பட்டில் இருந்த என் அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பால்காரரை வேறு ஆள் என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியை. கடைசியில் பெற்ற மகன் சோற்றுத் தட்டோடு முன்னால் நிற்கும்போது, "இவன் என் புள்ள இல்ல. அவன மாதிரியே மூஞ்சி வெச்சிகினு எவனோ வந்துகீறான்" என்று கதவைச் சாத்தினாள். மறதி நோயில் இது ஒரு வகை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாங்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். மூக்கு, மூட்டுவலி, வாய்த்துடுக்கு எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்று. இதுவும் ஒன்றாகிவிட்டால்?

மறுநாளிலிருந்து, "கேஸ மூடிட்டீங்களா அத்த?" என்று மருமகள் கேட்கத் தொடங்கினாள். மூடித்தான் இருப்பேன். அவள் கேட்டதும் சந்தேகம் வந்து, திறந்து மறுபடி மூடுவேன். பேத்தியை ஸ்கூல் பஸ் ஏற்றுவது என் வேலை. "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று அதையும் பிடுங்கிக்கொண்டாள். மகன் டாக்டரிடம் போகலாம் என்றான்.

"எதுக்குடா?"

"சும்மாதாம்மா."

சும்மா டாக்டரிடம் போகிற வம்சமா எங்களுடையது?

என்னை நானே சோதித்துக்கொண்டேன். என் கல்யாணத்துச் சாப்பாட்டில் யார் யார் குறை சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் தப்பவில்லை. மூளை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவும் அந்தக் கணக்கில் கெட்டிக்காரிதான்.

சீரியலை விட மனம் வரவில்லை. தினமும் காதைப் பார்த்தேன். ஒருநாள் புதுக் காது என்று தோன்றும், ஒருநாள் பழையதுதானோ என்று தோன்றும். சேனலை மாற்றினால் இன்னும் மோசம். அங்கேயும் அதே நெற்றி, அதே வில் புருவம், பாலில் ஊறவைத்த அதே நிறம். எங்கள் தெருவில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது. முன்பு டெண்ட் கொட்டகையில் படம் பார்த்தபோதே கவனித்திருக்கிறேன்: சிவப்பாக இருந்தால் நாயகி, கறுப்பாக இருந்தால் தோழி. ஆம்பளைக்கு நிறம் எப்படியும் இருக்கலாம், மீசை மட்டும் வேண்டும். அப்போதெல்லாம் அது எனக்குச் சிரிப்பு. இப்போது, இவளுகளைப் பிரித்துப் பார்க்க முடியாதது அவளுக மூஞ்சியாலா என் மூளையாலா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், மீன் விற்க வந்தவள் சொன்னாள்: "மகாபலிபுரத்துக்கு இந்தாண்ட பங்களாவுல உன் சீரியல்தான் எடுக்கறாங்க ஆயா." மருமகள் கடைக்குப் போயிருந்தாள். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் நினைப்பு வந்தது: சொல்லாமல் கிளம்பிப் போவதும் அந்த நோயின் குணம்தான். இறங்கிவிடலாமா என்று எழுந்தேன். டிரைவர் நிறுத்தவில்லை.

பங்களா வாசலில் வாட்ச்மேன் மறித்தான். எதிரே சவுக்கு நிழலில் ஒருவர் மடியில் பவுடர் டப்பாக்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மேக்கப் போடுகிறவர்.

"நைனா, அந்த மருமக பொண்ணு பழசா, புதுசா?"

"ஏன் கேக்கற ஆயா?"

"காது வேறயா கீது."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். 'அதே பொண்ணுதான்' என்று இவரும் சொல்லிவிட்டால் டாக்டர் பார்த்துச் சொல்லக்கூட வேண்டியதில்லை, அக்காவின் நோய்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"புதுசுதான். பழசு கல்யாணம் ஆயி போயிட்ச்சி. அதோட போட்டோவ கண்ணாடியில ஒட்டி வெச்சி அதே புருவத்த வரைஞ்சேன். மூக்குக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு பவுடர் தடவி சின்னதாக்கினேன். காதுக்கு இன்னா பண்றது? முடிய இழுத்து மூடினேன், கீழ்ப்பாதி மறையல."

"குரலு?"

"அது ரெண்டுத்துக்கும் டப்பிங் பேசற அம்மா ஒருத்தங்கதான். 'இவருக்குப் பதில் இவர்'னு எழுத்து போட்டாங்களே, பாக்கலியா?"

நான் எழுத்துக்கூட்டி முதல் வார்த்தையை முடிப்பதற்குள் திரை மாறிவிடும். அந்த நேரத்தில் மருமகள் குக்கரோடு இருப்பாள், மகன் பேப்பரோடு இருப்பான்.

"ஏன் நைனா, வேற மூஞ்சியா ஒண்ணு போட்டா இன்னா? நாட்டுல பொண்ணுங்களுக்கா பஞ்சம்?"

"துட்டு போட்டவருக்கு பயம் ஆயா. ஒரு மூஞ்சி ஓடிச்சின்னா அதே மாதிரி இன்னொண்ணு தேடுவாரு. பொம்பளைங்க கரண்டிய கையில வெச்சிகினே எட்டிப் பாக்கறாங்க. பாத்த ஒடனே 'இதான் நல்ல பொண்ணு'ன்னு தெரியணும். 'இது யாரு'ன்னு யோசிச்சாங்கன்னா சேனல மாத்திடுவாங்க."

கேட்டுக்குள் அடுத்த சீரியலுக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த இட்லிகள். ஓரத்தில் கறுப்பாக, பெரிய பல்லோடு ஒருத்தி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் மறக்காத மூஞ்சி.

"அந்தப் பொண்ணு நல்லா கீது நைனா."

"அது தோழி ஆயா."

வீட்டுக்கு வந்தபோது மகனும் மருமகளும் தெருமுனையில் நின்றிருந்தார்கள். மகன் கையில் சைக்கிள், முகத்தில் ரத்தமே இல்லை. நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. சாயங்காலம் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு டிவிக்கு நேராக உட்கார்ந்தாள். திரைக்குக் கிட்டே குனிந்து காதைப் பார்த்தாள்.

"ஆமாங்க. ஒட்டிகினுதான் கீது" என்றாள் அவனிடம்.

"டாக்டர்கிட்ட நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, கண்ண காட்டிகினு" என்றேன்.

மறுநாள் பேத்தியை நான்தான் பஸ் ஏற்றினேன். ஆனாலும் அந்தப் பயம் முழுசாக இறங்கவில்லை. அந்த வாரமே செங்கல்பட்டுக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு?"

"உன் தங்கச்சி."

"பொய் சொல்ற. அவள மாதிரியே கீற. ஆனா அவ உன்ன விட கறுப்பு. வாயும் ஜாஸ்தி."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"அவ எப்ப வருவா?" என்று கேட்டாள்.

"வந்துகினே கீறா" என்று சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.