லொறி வராத நாவல்

என் புதிய நாவலும் குடும்பக் கதைதான். முதல் அத்தியாயம் முடிந்ததும், வாசிக்கட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"லொறி வருதா?"

"வரல."

"டிரைவரு?"

"அவரும் இல்ல."

"அப்போ வாசிங்க."

அவள் ஏன் இப்படிக் கேட்கிறாள் என்பதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இந்த நாவலைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

இலங்கையில் கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் ரேடியோ, அவர்கள் சண்டை, அவர்கள் இருமல் எல்லாம் எங்கள் வீட்டில்தான் கேட்கும். அதனால் தகரத்தின்மேல் மழை கொட்டும்போது மட்டுமே என்னால் எழுத முடிந்தது. இரத்தினபுரிச் சீமையில் மழைக்கா பஞ்சம்? நிறைய எழுதினேன். எழுதும்போது பாத்திரங்களின் பேச்சை உரக்கச் சொல்வேன். அப்பா கெட்ட வார்த்தை பேசினால் அது நம்மை அல்ல என்று பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஒருநாள் பனியனைத் தவறுதலாகத் திருப்பிப் போட்டபடி ஒரு நல்ல அத்தியாயம் எழுதிவிட்டேன். அதன் பிறகு எழுத உட்கார்ந்தால் பனியன் திரும்பித்தான் இருக்கும். வீடு தேடி வருபவர்களிடம் மனைவி சொல்வாள்: "பனியன திருப்பிப் போட்டுட்டு உள்ள இருக்காருங்க. மழ விடட்டும், கூப்புடுறேன்."

எழுதியதை அவளுக்குத்தான் முதலில் வாசிப்பேன். அவள் துருவலைமேல் உட்கார்ந்து தேங்காய் துருவுவாள், நான் வாசிப்பேன். துருவும் சத்தம் நின்றால் அந்தப் பக்கம் தேறிவிட்டது என்று அர்த்தம். வேறு விமர்சகரை நான் தேடியதில்லை.

அவளுடைய அண்ணன் தோட்டத்து லொறி டிரைவர். சிங்களம் தண்ணீர்போல ஓடும். துரை கூப்பிட்டாலும், செக் பொயிண்டில் ஆமிக்காரன் கை காட்டினாலும், கடை முதலாளி விலையைக் கூட்டிச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது "ஹரி ஹரி". சரி சரி என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சாமி பேரைச் சொல்லியே பிழைக்கிறார் என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வடக்கில் போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், கையெழுத்துப் பிரதியோடு கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டில் சோதனை. பை நிறையத் தமிழ் எழுத்து. அங்கிருந்தவர் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. பொலிசுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். செய்தி கேட்டு மச்சான் லொறியோடு வந்தார். மேசையில் இருந்த அதிகாரியிடம் குனிந்து, "ஹரி ஹரி சேர்" என்று தொடங்கி, என்னைக் காட்டிச் சொன்னார்:

"மெயாட்ட பொடி பிஸ்ஸுவக் தியெனவா சேர். கதந்தர லியனவா."

இவருக்குக் கொஞ்சம் பைத்தியம், கதை எழுதுகிறார். பொலிஸ் முழுக்கச் சிரித்தது. ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டு என்றார் அதிகாரி. நின்று வாசித்தேன். தாய் இறந்துபோகும் பக்கம் அது. ஒரு சொல்லும் புரியாமல், என் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டே சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மச்சான். பிறகு போகச் சொன்னார்கள்.

அவர் என்னைக் காப்பாற்றினார். அது அன்றே எனக்குத் தெரியும். ஆனாலும் லொறியில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் விட்டிருப்பேன். அவர் விடவில்லை. கல்யாண வீடு, சாவு வீடு, திருவிழா, எங்கே நாலு பேர் கூடினாலும் "மாப்ள பொலிசுல கத வாசிச்ச கதய சொல்லுங்கண்ணே" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். துண்டைக் காகிதம்போலப் பிடித்துக்கொண்டு, மூக்கால் அழுதுகொண்டே என்னைப்போல வாசித்துக் காட்டுவார். என் மகள் சமைந்த சடங்கில், தாய்மாமன் சீர்த் தட்டை இறக்கி வைத்த கையோடு அதை நடித்தார். என்னிடம் படித்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல வருஷம் சிரித்தேன். சிரித்த ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு வரி எழுதி வைத்தேன்.

அந்த வரிகளெல்லாம் சேர்ந்து ஒரு நாவலாயின. தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. நல்ல பகுதிகளும் அதில் இருந்தன. நடுவில் ஒரு லொறி டிரைவர் வந்தார். எல்லோரிடமும் "ஹரி ஹரி" என்பவர். அவர் குனிவதை, பல்லைக் காட்டுவதை, தன் கைலேஞ்சித் துணியால் பொலிஸ்காரனின் நாற்காலியைத் துடைப்பதை ரசித்து ரசித்து எழுதினேன். துடைத்தது என் கற்பனை. அது போதவில்லை. லயத்துப் பையன் ஒருவனை அந்த டிரைவர் பொலிசுக்குக் காட்டிக் கொடுப்பதாகவும் எழுதினேன். அப்படி எதுவும் நடந்ததில்லை. லயத்துப் பிள்ளைகள் பிடிபட்டபோதெல்லாம் போய்ப் பேசிக் கூட்டி வந்தவர் அவர். அந்த வரியை எழுதிய மத்தியானம் மழைக்குள் தனியாகச் சிரித்தேன். அந்த அத்தியாயத்தின் நடை இன்றும் எனக்குப் பிடிக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

டிரைவர் வரும் பக்கங்களை மட்டும் மனைவிக்கு வாசிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் புத்தகம் வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர்கள் வாங்கினார்கள், லயத்தில் கைமாறியது. படிக்காதவர்களுக்குப் படித்தவர்கள் அந்த அத்தியாயத்தை மட்டும் சொன்னார்கள். வடக்கில் போர் மறுபடி மூண்டு, மறுபடி சோதனைகள் தொடங்கியிருந்த நேரம். காட்டிக் கொடுத்தவன் என்ற சொல்லை யாரும் கதை என்று எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ லொறிக் கதவில் சேற்றால் "ஹரி ஹரி" என்று எழுதினார்கள். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. நான் என்ன நினைத்து எழுதினேனோ அது அப்படியே நடந்தது. எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு வெற்றியைத் தந்ததில்லை.

மனைவி புத்தகத்தை முழுக்கப் படித்தாள். மறுநாள் தேத்தண்ணீர் கேட்டேன்.

"ஹரி ஹரி, சேர்."

முதலில் விளங்கவில்லை.

"என்னா பேச்சு இது?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தாங்க பேச வரும். ஒங்க புஸ்தகத்துல இருக்குதே."

அன்றிலிருந்து சோறு கேட்டால் "ஹரி ஹரி, சேர்". குடை கேட்டால் "ஹரி ஹரி, சேர்". தேங்காயைப் பின்வாசலில் போய்த் துருவினாள். அண்ணன் அவள் வீட்டுப் படியை மிதிப்பதில்லை. அவள் போனாலும் அண்ணி வாசலோடு பேசி அனுப்பிவிட்டாள். மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வேறொருவர் கையில் வந்து சேர்ந்தது. தட்டைப் பார்த்து அவள் அழுதாள். அப்போதும் எனக்குள் ஒரு மூலை, படட்டும் என்றுதான் சொன்னது.

போர் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன் என் மகன் பிடிபட்டான். டவுனில் ஹார்ட்வெயர் கடையில் வேலை. அடையாள அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர்களில் திரும்பப் பல மாதம் ஆனவர்களும் இருந்தார்கள். மனைவி அட்டையை என் கையில் திணித்தாள்.

"அண்ணன்கிட்ட போங்க. கால்ல விழுறதா இருந்தாலும் விழுங்க."

போனேன். லொறிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்பானர் சத்தம் நின்றது.

"நான் எப்புடிங்க மாப்ள வர்றது?"

"மச்சான், ஒங்க மருமகன்..."

"நான் பொலிசு வாசப்படி மிதிச்சா, ஒங்க புஸ்தகத்துல உள்ளது நெசமாயிரும்ல? நாளைக்கி எவன் புடிபட்டாலும் எந்தலையிலதான் விடியும். நீங்க படிச்சவரு. நீங்களே போயி பேசுங்க."

ஸ்பானர் மறுபடி சுழன்றது. அவர் வெளியே வரவே இல்லை. நான் பேசியதெல்லாம் அவர் கால்களிடம்தான்.

பஸ்ஸில் தனியாகப் போனேன். பொலிசில் மகன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. அட்டையைக் கொடுத்தேன். இளைஞரான அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டார். வாத்தியார், ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். இப்போது? எழுதுகிறேன் என்று வாயில் வந்துவிட்டது. என்ன எழுதுகிறாய், யாருக்கு எழுதுகிறாய்? அவர் முகம் மாறியது. அட்டையை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

நான் குனிந்தேன். என் முதுகுக்கு அது முன்பே தெரிந்திருந்ததுபோல இருந்தது.

"ஹரி ஹரி சேர்," என்றேன். "மட்ட பொடி பிஸ்ஸுவக் தியெனவா. கதந்தர லியனவா."

எனக்குக் கொஞ்சம் பைத்தியம். அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அறை இளகியது. வீட்டில் எப்படி எழுதுவாய் என்று கேட்டார். பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டிப் போகச் சொன்னார்கள்.

வெளியே வந்தால், எதிர்ப்பக்கக் கடையோரம் லொறி நின்றது. மச்சான் இறங்கவில்லை. பொலிஸ் பக்கம் திரும்பாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகன் ஓடினான்.

"ஏறு மருமகனே. ஒதட்ட காட்டு. ஒண்ணுமில்ல, ஆறிரும்."

நானும் படியில் கால் வைத்தேன்.

"மாப்ளக்கி பஸ் இருக்குது," என்று ரோட்டைப் பார்த்தே சொன்னார்.

லொறி போய்விட்டது. பஸ்ஸுக்கு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மகன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். நான் உள்ளே என்ன சொன்னேன் என்பதை மாமாவும் வழியில் கேட்டாராம். இவன் சொன்னதும் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். சிரித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றான். அன்று மனைவி தேத்தண்ணீரைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். "ஹரி ஹரி" சொல்லவில்லை.

அவர் இதை எங்கே எப்போது நடித்துக் காட்டுவார் என்று காத்திருந்தேன். காட்டட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு சாவு வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. பழையதை மறக்காத ஒருவர், "அண்ணே, மாப்ள பொலிசுல கத வாசிச்சத சொல்லுங்களேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது மறந்து போச்சுங்க," என்றார்.

நான் பொலிசில் குனிந்ததை இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.