தக்காளி லாரியில் ஏறியவர்

பிள்ளைகளே, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் நடந்தது இது.

நான் விவசாயி, பத்தாவதோடு நின்றவன். நன்னடத்தை அலுவலர் மேடத்துக்கு உதவியாக, சம்பளம் இல்லாமல் தன்னார்வலர் வேலையும் பார்க்கிறேன். தப்பு செய்த சிலரைக் கோர்ட்டு ஜெயிலுக்கு அனுப்பாமல், நிபந்தனை போட்டு வீட்டுக்கு அனுப்பும். அவர்களோடு பழகி, மறுபடி வம்பில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவரை என்னிடம் விட்டிருந்தார்கள். வரப்புச் சண்டையில் பக்கத்துக் காட்டுக்காரரை அடித்துவிட்டவர். அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டினால் அவருக்கு ஜெயில்தான்.

அன்று அவர் பெங்களூரு போகிற லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்.

“எங்கீங்க கெளம்பிட்டீங்க?”

“பெங்களூருல மகளுக்குக் கொறமாசத்துல கொழந்தை பொறந்திருச்சுங்கண்ணா. கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்களாம். பொழைக்கறதே கஷ்டம்ங்கறாங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்தர்றேன். நீங்க என்னப் பாக்கலைன்னு வெச்சுக்கங்க.”

“மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமுங்க.”

“கேட்டு, வேண்டாம்னுட்டா? உங்க வூட்டுக் கொழந்தைன்னா கேட்டுட்டு நிப்பீங்களா?”

நான் விட்டுவிட்டு, அவர் வழியில் பிடிபட்டால்? தடுத்து, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் மேடத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவரிடமே கொடுத்தேன்.

மேடம் திட்டவில்லை. “கோர்ட்டுல சொல்லி அனுமதி வாங்கறேங்க. அதுவரைக்கும் போயிராதீங்க” என்றார். போனை என்னிடம் நீட்டிவிட்டு அவர் லாரியிலிருந்து கீழே இறங்கினார். லாரி கிளம்பிப் போனது.

“அண்ணன்னு நெனச்சேன். நீங்களும் போலீசுதானுங்களா?” என்றவர், காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் உட்காரலாமா, போய்விடலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் அனுமதி வந்தது. பஸ்ஸில் நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். ஆஸ்பத்திரியில் குழந்தை உயிரோடுதான் இருந்தது. கண்ணாடியையே பார்த்து நின்றவர், வெகுநேரம் கழித்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். “வாங்க, பாருங்க. வெரலு எத்தனூண்டு!”

அந்தக் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறாள். நான் செய்தது சரிதான் என்று மேடம் சொல்கிறார், அவரும் சொல்கிறார். அவர்கள் சொல்லும்போது தலையாட்டிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் குழந்தை போயிருந்தால் அதே காரியத்துக்கு என்ன பெயர் வைத்திருப்பேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.